பிடிகம்பி, தடி, வாக்கர்: எதை முதலில் வாங்குவது?

சர்ஜிக்கல் கடையில் போய் முதியவருக்கு ஏதாவது வேண்டும் என்றால், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது கைத்தடியைத்தான். வாங்க வந்தவர் மனதிலும் அதுதான் இருக்கும். அநேகமாக வீட்டில் பெரியவர் விழுந்து, எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தப்பியது என்று தெரிந்த மறுநாள் நடக்கிற வியாபாரம் இது. தடி நல்ல பொருள்தான், முதல் பொருள் அல்ல. கால் வலு குறைவது நடையில் தெரிவதற்கு வெகு முன்பே உட்கார்ந்து எழுவதில் தெரிந்துவிடும். உட்கார்ந்து எழ மிகவும் சிரமப்படும் இடம் கழிவறை; தரையும் அங்கேதான் ஈரம். அதனால் இந்த மதிப்பீட்டில் முதல் இடத்தைச் சுவரில் பதிக்கும் பிடிகம்பிக்குக் கொடுக்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. தடியைத் தெருவே பார்க்கும், பிடிகம்பியை வீட்டார் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. “எனக்கு என்ன அப்படி வயசாயிடுச்சு?” என்று தடியைத் தள்ளிவிடுகிற அப்பாகூட, கதவைச் சாத்திக்கொண்ட பிறகு கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத, 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் போட்டு உட்கார வையுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுப்படி, 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12 முறைக்கும் பெண்கள் 11 முறைக்கும் குறைந்தால் விழுகிற வாய்ப்பு அதிகம். 75 முதல் 79 வயதில் அந்த எல்லை 11, 10. கையை ஊன்றினால்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019-இல் தந்த அளவு இன்னும் எளிது: 5 முறை உட்கார்ந்து எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

தினமும் காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றுகிறவர் இதில் தோற்றுப்போவது உண்டு. நடைக்கு வேண்டியது தாக்குப்பிடிக்கும் தசை நார். தாழ்ந்த சோபாவிலிருந்து எழவும், தடுக்கியதும் சட்டென்று காலை முன்னால் வைத்துச் சமாளிக்கவும் வேண்டியது வேகமாகச் சுருங்கும் நார். வயதோடு அதிகம் மெலிவது இந்த இரண்டாவது வகை. தசையின் அளவு குறைவதைவிட வலு இன்னும் வேகமாகக் குறையும் என்பதால், காலைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: சில நாட்களுக்குள் வலு குறைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் குறைந்தாலோ அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும், கடைக்கு அல்ல.

இனி பிடிகம்பி. கடையில் ‘கிராப் பார்’ என்றால்தான் புரியும். குழாயின் விட்டம் 32 முதல் 38 மி.மீ. வரை இருக்கலாம், சிறிய கைக்கு 32 சௌகரியம். 20 மி.மீ. பக்கம் மெலிந்து அழகாக இருப்பதெல்லாம் டவல் ராடு. அதைப் பிடித்து எழுந்து, ஸ்குருவோடு கையில் வந்து, கம்பியோடு கீழே விழுவது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் விரல் கணு சுவரில் இடிக்கும். ரொம்பக் கூடினால் கை வழுக்கும்போது முன்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

எஃகில் 304 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைப்பது 202. கடையில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே பயன்படாது, இரண்டிலுமே சரியாக ஒட்டாது. உப்புத் தண்ணீர் போர்வெல் வீடுகளில் 202 சீக்கிரமே பழுப்புப் புள்ளி போட ஆரம்பிக்கும். முதலில் அரிப்பது சுவரோடு சேரும் வட்டத் தகட்டின் பின்புறம், அதாவது கண்ணுக்குத் தெரியாத இடம். ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீடு என்றால் 304-உம் தாங்காது. கம்பி பதித்த பிறகு ஆசிட்டை நிறுத்தத்தான் வேண்டும். கண்ணாடி போன்ற பாலிஷ் வேண்டாம், சோப்புக் கையில் வழுக்கும். மங்கலான மேற்பரப்போ, கைபிடிக்கும் பகுதியில் சொரசொரப்போ உள்ளதாக எடுங்கள்.

எங்கே பதிப்பது என்பதில்தான் பாதி வீடுகள் கோட்டை விடுகின்றன. பிளம்பரிடம் விட்டால் கமோடின் பக்கச் சுவரில், இடுப்புக்கு நேராகவோ ஃபிளஷ் டேங்குக்கு அருகிலோ வசதியாகக் கிடைத்த இடத்தில் அடித்துவிடுவார். அது உட்கார்ந்திருக்கும்போது கை வைத்துக்கொள்ள உதவும், எழுவதற்கு உதவாது. எழுகிறபோது உடம்பு முதலில் முன்னால் சாய்ந்து, தலை முழங்காலைத் தாண்டி, அதன் பிறகுதான் இடுப்பு தூக்கும். ஆக, கை பிடிக்கும் இடம் முழங்காலுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அமெரிக்க விதிகள் சொல்லும் உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். நம் ஊரில் 5 அடிக்குக் குறைந்த பாட்டிக்கு அது தோளருகே போய்விடும். நம்பகமான முறை ஒன்றுதான்: யாருக்காகப் பதிக்கிறோமோ அவரைக் கமோடில் உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லி, கை இயல்பாகப் போய்ச் சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது. ஊன்றி எழப் படுக்கைவாட்டில் ஒன்று, இழுத்து எழ அதன் முன்முனையில் செங்குத்தாக ஒன்று என இரண்டும் சேர்ந்த ‘எல்’ வடிவக் கம்பி கிடைக்கிறது. இடம் இருந்தால் அதுவே மேல். பக்கச் சுவரே எட்டாத அகலமான குளியலறையில் பின்சுவரிலிருந்து நீட்டி, மேலே மடக்கி வைக்கும் கம்பி உண்டு. அதில் முழு எடையும் இரண்டு மூன்று போல்ட்டின் மேல் நெம்புகோலாக இறங்கும் என்பதால் 9 அங்குலச் செங்கல் சுவர் அல்லது கான்கிரீட் தவிர வேறெதிலும் போடக் கூடாது.

சுவர் விவகாரத்துக்கு வருவோம். பெட்டிக்குள் கம்பியோடு கொடுக்கிற ஸ்குரு பெரும்பாலும் 35 மி.மீ. அளவில்தான் இருக்கும். நம் குளியலறைச் சுவரில் டைல் 8 மி.மீ., அதை ஒட்டிய கலவையும் அடியில் இருக்கும் பூச்சும் சேர்ந்து இன்னும் 20, 25 மி.மீ. போய்விடும். அந்த ஸ்குரு செங்கல்லைத் தொட்டும் தொடாமலும் பூச்சிலேயே நின்றுவிடும். முதல் மாதம் உறுதியாகத்தான் தெரியும். பிறகு தினமும் பத்துத் தடவை இழுபட்டு ஓட்டை அகன்று, ஒரு நாள் டைலோடு பெயர்ந்து வரும். 75 மி.மீ. நீள எஃகு ஸ்குருவும், அதற்கேற்ற 10 மி.மீ. நைலான் பிளக்கும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். துளை போடும் முன் நாணயத்தால் டைலைத் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளல் சத்தம் வந்தால் அந்த டைலுக்குப் பின்னால் கலவை இல்லை, இடத்தை மாற்றுங்கள். டிரில்லரில் ஹேமரை (குத்திக்கொண்டே துளைக்கும் விசையை) அணைத்துவிட்டு டைல் பிட்டால் டைலை மட்டும் துளைத்து, அதன் பிறகு மேஸன்ரி பிட் மாற்றி ஹேமர் போட வேண்டும். முதலிலேயே ஹேமர் போட்டால் டைல் விரியும். குழாய், ஷவர், கீஸர் இணைப்புகளுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் பைப் ஓடும், அந்தக் கோட்டை விட்டு ஒதுங்கித் துளையிடுங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் மூன்று ஸ்குரு என்றால் மூன்றும் போட வேண்டும். இரண்டோடு நிறுத்துவது நம் ஆட்களின் வழக்கம்.

நாலரை அங்குலச் செங்கல் சுவர் இந்த முறையைத் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரும், புது அடுக்ககங்களில் வரும் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் சுவரும் தாங்காது. ஹாலோ பிளாக்கில் பிளக் வெற்றிடத்துக்குள் தொங்கும், ஏ.ஏ.சி.யில் பிளாக்கே பொடிந்து கொட்டும். இவற்றுக்கு வலைச் சட்டையோடு வரும் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை செலுத்தி போல்ட்டை இறுகவைக்கும் முறை) வேண்டும், அல்லது சுவரின் மறுபக்கம் கைக்கு எட்டுமானால் ஊடுருவும் போல்ட் போட்டு அந்தப் பக்கம் ஒரு தகடு வைத்து முடுக்கலாம். வேலை முடிந்ததும் வீட்டிலேயே கனமான ஆள் ஒருவர் இரண்டு கையாலும் தொங்குகிற மாதிரி இழுத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு விதி எதிர்பார்க்கும் தாங்குதிறன் 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ. பெரியவர் அதைப் பிடிப்பது இந்தச் சோதனைக்குப் பிறகுதான். தகட்டைச் சுற்றிக் கொஞ்சம் சிலிக்கான் பூசிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது.

ஆன்லைனில் அதிகம் விற்பது உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம் உள்ள பிளாஸ்டிக் கைப்பிடி. துளை வேண்டாம், வாடகை வீட்டுக்கு ஏற்றது என்பது விளம்பரம். டைல் இணைப்புக் கோட்டின் மேல் பட்டால் காற்று நுழையும். சொரசொரப்பான டைலில் பிடிக்காது. உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படிந்த சுவரில் காலையில் ஒட்டியது மாலையில் கழன்றிருக்கும். மோசமான விஷயம், கழன்றது பார்த்தால் தெரியாது, பிடித்து இழுக்கும்போதுதான் தெரியும். வாங்காதீர்கள். வாடகை வீடானால் கமோடைச் சுற்றித் தரையில் நிற்கும் எஃகுச் சட்டம் வாங்குங்கள். போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

கமோடின் உயரமும் இதோடு சேர்ந்தது. நம் வீடுகளில் வெஸ்டர்ன் கமோடு பெரும்பாலும் 15, 16 அங்குலம். தொடை வலு குறைந்த, சற்று உயரமானவருக்கு 17 முதல் 19 வரை வேண்டும். 2, 4, 6 அங்குலத்தில் மேலே பொருத்தும் பிளாஸ்டிக் உயர்த்தி கிடைக்கிறது. கடைக்காரர் பெரியதைத்தான் தள்ளுவார். முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்து பாருங்கள். இருக்கை அதைவிட ஓர் அங்குலம், அதிகம் போனால் இரண்டு அங்குலம் உயரமாக இருக்கலாம். 5 அடிப் பெண்ணுக்கு 6 அங்குல உயர்த்தி போட்டால் கால் தரையில் பாவாது, கால் பாவாமல் எழ முடியாது. பக்கவாட்டுத் திருகு இல்லாமல் சும்மா மேலே உட்காரும் மாதிரிகள் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலே நழுவும். திருகு உள்ளதை வாங்கி, வாரம் ஒரு முறை முடுக்குங்கள்.

இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டில் மேலே போடும் கமோடு ஸ்டூல்தான் வழி. பிளாஸ்டிக் ஸ்டூல் மலிவு, ஆனால் ஈரத் தரையில் கால் பரப்பும். கால் வைக்கும் மேடு இருப்பதால் நான்கு காலும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஒவ்வொரு காலையும் தனித்தனியே உயர்த்தி இறக்கக்கூடிய அலுமினிய அல்லது எஃகு நாற்காலி, கைப்பிடியோடு, கூடுதலாகச் செலவழித்தாலும் அதுவே சரி.

நாற்காலியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலியில் கை ஊன்றி எழும்போது பின்கால்கள் வளையும், வழவழப்பான டைலில் பின்னுக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாற்காலியை அடுக்கிப் போடும் நம் வீட்டு வழக்கம் உண்மையிலேயே நல்ல வைத்தியம். வளைவு குறையும், உயரமும் கூடும். சுவரோரமாகப் போட்டால் ஓடவும் ஓடாது. கட்டில் தாழ்வாக இருந்தால் தச்சரிடம் சொல்லிக் காலுக்கு மரக்கட்டை சேர்க்கலாம், கட்டையில் குழி தோண்டிக் கட்டில் கால் உள்ளே உட்கார வேண்டும். செங்கல் வைக்காதீர்கள்.

இப்போது தடி. அலுமினியத்தில், உயரம் மாற்றும் பொத்தானோடு 300 முதல் 700 ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பது டார்ச், அலாரம், மடக்கு இருக்கை போன்ற அலங்காரத்துக்கு. டார்ச் எடையைக் கூட்டும். மடக்கு இருக்கை உட்காரும்போது கவிழும். இழுப்புக் கயிறு உள்ளே ஓடும் மடக்குத் தடி பயணத்துக்குச் சரி, அதன் மூட்டுகள் நாளடைவில் ஆடும் என்பதால் தினசரிக்கு வேண்டாம்.

உயரம் பார்க்கும் முறை: வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். தடியின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக நிற்க வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை 20, 30 பாகை மடங்கியிருந்தால் சரி. தன்னைத் தானே அளக்க முடியாது, குனிந்து பார்த்தாலே அளவு கெட்டுவிடும். இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்கும். குறைந்தால் கூன் விழுந்து எடை முன்னால் போகும். மரத்தடியானால் அடியில் அறுத்துக் குறைக்கலாம், நுனியில் மாட்டும் ரப்பர் புஷ்ஷின் தடிமனைக் கழித்துக்கொண்டு அறுங்கள். பொத்தான் வைத்த தடியில் பொத்தான் துளைக்கு வெளியே முழுதாக ‘டக்’கென்று வந்திருக்கிறதா, அதற்குக் கீழே இருக்கும் வளையம் முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வளையம் தளர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டுக்கொண்டே துளை தேயும்.

எந்தக் கையில் பிடிப்பது? வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். வலது முழங்கால் வலி என்றால் இடது கை. தடியும் பலவீனமான காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும், நல்ல கால் பின்னால் வரும். சினிமாவில் எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு நொண்டுவார்கள். அதைப் பார்த்துப் பழகிய ஊர் இது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில்.

வளைந்த கைப்பிடியை முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் எடை முழுவதும் உள்ளங்கையின் ஒரே கோட்டில் அழுந்தும். விரல் மூட்டு வீங்கியவருக்கு அகலமான ‘டி’ வடிவப் பிடிதான் ஏற்றது. குடையைத் தடியாகப் பயன்படுத்துவோர் நம் பக்கம் நிறைய. மானம் காக்கும், ஆளைக் காக்காது: நுனி உலோகம் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக், உயரம் மாற்ற முடியாது, எடை போட்டால் தண்டு வளையும்.

தடியில் உண்மையில் வேலை செய்யும் பாகம் அடியில் இருக்கும் ரப்பர் புஷ். மற்றதெல்லாம் குழாய். புஷ்ஷின் அடியில் வட்ட வட்டமாக வரிகள் இருக்கும். நடுவில் அவை தேய்ந்து வழவழப்பானால் மாற்றும் நேரம். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால் சீக்கிரம் தெரியும். வெயிலில் கிடந்த ரப்பர் கெட்டிப்பட்டு விடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விழவில்லை என்றால் வரி இருந்தும் பயனில்லை. மலிவான புஷ்ஷில் குழாயின் விளிம்பு ரப்பரை உள்ளிருந்தே அறுத்துக்கொண்டு வரும். ஒரு நாள் அலுமினியமே தரையில் படும், அன்றைக்குக் கிரானைட் தரையில் தடி ஓடிவிடும். இதைத் தடுக்க உள்ளே எஃகு வாஷர் வைத்த புஷ் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். 16, 19, 22 மி.மீ. என்று உள்விட்டம் வேறுபடும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போனால் குழப்பம் இல்லை. தடி வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். தளர்ந்த புஷ்ஷுக்குத் துணி சுற்றிச் செருகுவது பாதி வழியில் கழன்று விழவே வழிசெய்யும்.

நாலுகால் ஸ்டிக் என்றால் நாலு மடங்கு பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறார்கள். அது பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்தவருக்காக வந்தது. நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டால்தான் பயன்; மேடு பள்ளமான நம் தெருவில் எப்போதும் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், ஊன்றும்போது ஆடும். வேகமாக நடப்பவர் கையில் முன்கால்கள் மட்டும் பட்டுக் கவிழப் பார்க்கும். அகன்று நீட்டியிருக்கும் இரண்டு கால்கள் உடம்புக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் திருப்பிப் பிடித்தால் தன் காலையே தட்டிவிடும். வீட்டுக்குள், சமதரையில், மெதுவாக நடப்பவருக்கு மட்டும் இது.

வாக்கருக்கு உயரக் கணக்கு அதே மணிக்கட்டுதான். வாங்கும் முன் அளக்க வேண்டியது வீட்டுக் கதவுகள். வாக்கரின் வெளி அகலம் 22 முதல் 24 அங்குலம் வரும். பழைய வீட்டுக் குளியலறையின் பி.வி.சி. கதவைத் திறந்தால் நிகர இடம் சில சமயம் அதைவிடக் குறைவு. கதவின் அகலத்தை அல்ல, திறந்த பிறகு மிஞ்சும் இடைவெளியை அளக்கவும். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டும் இரண்டு மூன்று அங்குலத் தடுப்பு வாக்கருக்கு எமன். அதை உடைத்துச் சரிவு வைக்க முடியாவிட்டால், அந்த வாசலின் இருபுறமும் செங்குத்தாகப் பிடிகம்பி போட்டு, வாக்கரை வெளியே நிறுத்திவிட்டுப் போவதே மேல்.

சக்கரமில்லாத வாக்கர் இரண்டு மூன்று கிலோ இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டும், தோள் வலு இல்லாதவர் பத்து அடியில் களைத்துவிடுவார். முன்கால் இரண்டில் சக்கரமும் பின்கால் இரண்டில் புஷ்ஷும் உள்ளது பலருக்கும் ஏற்றது. பார்க்கின்சன் நோயில் தேய்த்துத் தேய்த்து நடப்பவருக்கும் தூக்கி வைக்கும் வாக்கரைவிட அதுவே உதவும். நான்கு சக்கரமும் கை பிரேக்கும் வைத்தது நன்றாக நடக்கத் தெரிந்து, வழியில் உட்கார்ந்து இளைப்பாற விரும்புபவருக்கு. முழு எடையையும் சாய்ப்பவர் கையில் அது முன்னால் ஓடிவிடும். வாக்கரைப் பிடித்து இழுத்து நாற்காலியிலிருந்து எழுவது கூடாது, அது பின்பக்கமாகக் கவிழும். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, பிறகு வாக்கருக்குக் கையை மாற்ற வேண்டும். நான்கு காலும் தரையில் பட்ட பிறகே அடி எடுக்க வேண்டும், முன்கம்பி வரை நெருங்கக் கூடாது. முன்னால் பையில் பிளாஸ்க், செல்போன், மாத்திரை டப்பா எல்லாம் தொங்கவிட்டால் அந்தப் பக்கம் இழுக்கும். சேலையின் கொசுவம் தரையில் புரளாமல் இரண்டு அங்குலம் தூக்கிக் கட்ட வேண்டியிருக்கும், அம்மாவிடம் இதைச் சொல்லச் சங்கடப்படாதீர்கள்.

சமையலறையில் ஒரே ஒரு பொருளை மனதாரச் சிபாரிசு செய்யலாம்: தண்ணீர் கேனுக்கான சார்ஜ் பம்ப். 20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ, அதைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போதுதான் முதுகு பிடிக்கிறது. பம்ப் கேனின் வாயில் உட்கார்ந்துகொள்ளும், கேன் கொண்டுவந்தவர் வைத்த இடத்திலேயே இருக்கலாம். தாழ்ந்த ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னால் குனிய வேண்டியதும் இல்லை. தலைப்பகுதியைத் தண்ணீரில் கழுவினால் மோட்டார் போய்விடும். குழாயை மட்டும் கழற்றி வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசுங்கள். சிலிண்டர் விஷயத்தில் 14.2 கிலோ எரிவாயுவோடு இரும்பும் சேர்ந்து 30 கிலோ பக்கம் வரும். சக்கரத் தட்டு வாங்கினாலும் உருட்டும் வேலையைக் கொண்டுவருபவரிடமே விடுங்கள்.

வலுவையே திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லும் பொருள்கள் தனி ரகம். காலை வைத்தால் அதிரும் மசாஜ் இயந்திரம் விலை அதிகம், விளம்பரமும் அதிகம். சுகமாக இருக்கும், தசை வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உட்கார்ந்தபடி மிதிக்கும் குட்டி பெடல் மூட்டை அசைத்துக்கொடுக்கும். டைலில் முன்னே நகர்ந்துகொண்டே போகும் என்பதால் அடியில் ரப்பர் பாய் வேண்டும், இறுக்கும் திருகின் பக்கம் சூடாகும். ஆனால் எழுந்து நிற்கத் தேவையான தொடை வலுவைப் பெரிதாகத் தராது. பயன்படும் பொருள் இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை, அதிலும் சாதாரணமானது. ஒன்றரை மீட்டர் நீளம் போதும். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என இழுவை கூடும் வரிசை பரவலானது, ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியில் வாங்குங்கள். ஓரத்தில் சிறு கீறல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், அறுந்து கண்ணில் அடிக்கும்.

காசே இல்லாத கருவியும் இருக்கிறது: சோதனைக்குப் போட்ட அதே நாற்காலி. 8 முதல் 10 முறை எழுந்து உட்கார்வது, ஓய்வு, மறுபடி ஒரு சுற்று, வாரத்தில் மூன்று நாள். முதலில் கை ஊன்றி, பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் 10 பேரை வைத்து மரியா ஃபியாட்டரோன் குழுவினர் 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேருக்கும் சேர்த்துக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அந்த வயதிலும் தசை பதில் சொல்கிறது என்பதால்தான், தடி வாங்கியதோடு நடையைச் சுருக்கிக்கொள்வதை எந்த இயன்முறை மருத்துவரும் ஒப்புக்கொள்வதில்லை. கூடவே சாப்பாடு: முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை, 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 கிராம். இரண்டு இட்லியும் ரசம் சாதமும் அங்கே போய்ச் சேராது. டப்பாவில் விற்கும் பொடியை வாங்குவதானால் முகப்பை விட்டுவிட்டு, பின்னால் ஒரு கரண்டியில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படியுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது என்ற கணக்கோடு ஒப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வசதி குறைந்த குடும்பத்துக்கு இவற்றில் சில இலவசமாகவே கிடைக்கும். 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவில், 60 வயது நிரம்பிய, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்குத் தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கருவி முதலியவற்றை, உதவிக் கருவிகள் செய்யும் மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் முகாம் வைத்துக் கொடுக்கிறது. முகாமில் கொடுத்த தடியையும் வீட்டில் ஒரு முறை மணிக்கட்டுக்கு அளந்து பொத்தானை மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். வாக்கர் பிடித்து நடக்கும் முறையை அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். எங்கே விசாரிப்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

எங்கே வாங்குவது என்றால், தடியும் வாக்கரும் பெரியவரை நேரில் அழைத்துப்போய், கடைக்குள்ளேயே பத்து அடி நடக்க விட்டு வாங்க வேண்டியவை. நடக்கவிடாத கடையை விட்டு வந்துவிடுங்கள். பிடிகம்பி, ரப்பர் பட்டை, கேன் பம்ப் மூன்றையும் ஆன்லைனில் வாங்கலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் போடுகிற ஆர்டரில் நடப்பது வேறு: பெட்டி வந்து சேரும், பிரித்துப் பதிக்க ஆளில்லாமல் பீரோ மேல் ஏறிவிடும். கம்பிக்கு ஆர்டர் போடும் அன்றே உள்ளூர் பிளம்பர் ஒருவருக்கும் போன் போட்டு நாள் குறித்துவிடுங்கள், வரும்போது 75 மி.மீ. ஸ்குருவையும் அவரையே வாங்கி வரச் சொல்லுங்கள்.